மிக்கேல் போட்ட முடிச்சு

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு சுகமளிக்கும் கூட்டத்துக்குப் போயிருந்தேன். எனக்குச் சர்க்கரை இருக்கிறது, இடது முட்டியில் வலி இருக்கிறது, போதாக்குறைக்கு இந்தப் பத்தியை வாராவாரம் எழுதித் தொலைக்க வேண்டிய வியாதியும் இருக்கிறது. ஆனால் சுகம் தேடிப் போகவில்லை. பக்கத்து வீட்டு பிலோமி கூப்பிட்டாள் என்று போனேன்.

"அண்ணாச்சி, அவிய இன்னைக்கு மேடையேறி சாட்சி சொல்லப் போறாவ. நீங்க கார எடுத்தா மூணு பேருமா போயிருவோம்" என்றாள்.

'அவிய' என்றால் அவள் வீட்டுக்காரன் சவேரியான். சங்கு குளிக்கிறவன். குளித்துக்கொண்டிருந்தவன் என்று சொல்ல வேண்டும். மூன்று வருடம் முன்பு, கடலுக்கு அடியில் இருக்க வேண்டிய நேரத்துக்கு மேல் இருந்துவிட்டு, விறுவிறுவென்று மேலே ஏறி வந்து, இரண்டு காலும் மரத்துப் போய்ப் படுத்தவன். இப்போது கம்பு ஊன்றி மெதுவாக நடக்கிறான்.

சாட்சி சொல்வது என்றால் தெரியும் அல்லவா? கடவுள் எனக்கு இன்னது செய்தார் என்று நாலு பேர் முன்னால் எழுந்து நின்று சொல்வது. நல்ல பழக்கம்தான். இப்போது அதற்கு எல்.இ.டி. திரை, புகை இயந்திரம், கீபோர்டு எல்லாம் வந்துவிட்டன. கடவுள் மட்டும்தான் பழைய ஆள்.

எங்கள் கடற்கரையில் ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்குப் போக மாட்டார்கள். கூட்டத்துக்குத் தேதி குறித்தவருக்கு அது தெரிந்திருக்கிறது. பெரியதாழையிலிருந்துகூட வேன் பிடித்து வந்திருந்தார்கள். வாசலில் பெரிய ஃபிளெக்ஸ். வெள்ளைக் கோட்டு போட்ட ஊழியக்காரர் கையை மேலே தூக்கியபடி நிற்கிறார்... அவருக்குப் பின்னால் பளீரென்று மின்னல். மின்னல் எதற்கு? யாரைக் கேட்பது?

மேடையின் ஓரத்தில் ஊன்றுகோல்களை அடுக்கி வைத்திருந்தார்கள். போன கூட்டங்களில் சுகமானவர்கள் விட்டுவிட்டுப் போனவையாம். கிட்டே போய்ப் பார்த்தேன் — பழக்கதோஷம். இரண்டில் மெடிக்கல் ஷாப் ஸ்டிக்கர் அப்படியே இருந்தது. அடி ரப்பரில் ஒரு பொட்டு மண் இல்லை. அற்புதம்தான்! கம்பு தரையில் படாமலே யாரோ ஊன்றி நடந்திருக்கிறார்கள்.

சாட்சிக்காரர்களை வரிசைப்படுத்த ஒரு ஒருங்கிணைப்பாளர் இருந்தார். கழுத்தில் அட்டை, காதில் ஒயர், கையில் பட்டியல். சவேரியானை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துப் பாடம் எடுத்தார்.

"பிரதர், மொத்தம் மூணு நிமிஷம். முதல் நிமிஷம் பாவம். குடி, சண்டை, எது இருந்தாலும் சொல்லுங்க. ரெண்டாவது நிமிஷம் படுக்கை. டாக்டர்ஸ் கைவிட்டுட்டாங்கன்னு கண்டிப்பா வரணும். மூணாவது நிமிஷம் நடை."

"டாக்டர் கைவிடலியே" என்றான் சவேரியான். "பெரியாஸ்பத்திரில பிசியோ பிள்ள ஒண்ணு, தெனமும் கால மடக்கும், நீட்டும், மடக்கும், நீட்டும்... அதுலா என்னய நடக்க வச்சுது."

"அதெல்லாம் வேண்டாம் பிரதர். ஜனங்களைக் குழப்பும். முடிக்கும்போது கம்பைத் தூக்கி இந்தப் பக்கமா வீசிருங்க. வாலண்டியர் பிடிச்சுக்குவார்."

"கம்பு இல்லன்னா விழுந்துருவேன்."

"விசுவாசம் பிரதர்... விசுவாசம்!"

ஏற்பாட்டைப் பார்த்தீர்களா? நின்றுவிட்டால் ஊழியக்காரருக்கு மகிமை. விழுந்துவிட்டால் சவேரியானுக்கு விசுவாசம் போதவில்லை. காசை எப்படிச் சுண்டினாலும் அவர்களுக்குப் பூதான் விழும்.

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது. போக எனக்கு இஷ்டமில்லை. ஆனாலும் போக வேண்டும்.

சங்கு குளிக்கிறவன் இடுப்பில் ஒரு கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்குவான். அதன் மறுமுனை படகில் ஒருவர் கையில் இருக்கும். இந்தக் காலத்தில் மூச்சுக்காற்று கம்ப்ரஸரிலிருந்து குழாய் வழியாகப் போகிறது, ஆனாலும் கயிறு போகவில்லை. மேலே இருப்பவர் நேரத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார். மூன்று தடவை கயிற்றைச் சுண்டினால் 'போதும், ஏறி வா' என்று அர்த்தம்.

அந்தக் கயிற்றை யார் கையில் கொடுப்பது? அண்ணன் தம்பியிடம் கொடுக்க மாட்டார்கள் — பங்காளி! மச்சானிடம்தான் கொடுப்பார்கள். மனைவியின் கூடப்பிறந்தவனிடம். தன் அக்காள் தாலி அறுவதை எவன் விரும்புவான்? முத்துக் குளித்த நாளிலிருந்து வருகிற முன்யோசனை இது. இடுப்பு முடிச்சையும் மச்சானே போடுவான். அவன் போட்டதை இழுத்துச் சோதித்துப் பார்ப்பது மரியாதை இல்லை.

சவேரியானுக்குக் கயிறு பிடித்தவன் பிலோமியின் தம்பி மிக்கேல்.

அன்று சவேரியானைப் படகில் தூக்கிப் போட்டபோது அவன் இடுப்பில் கயிறு இல்லை. கயிறு அடியில் ஒரு கல்லில் கிடந்தது. கரையில் எல்லோரும் கேட்டார்கள். "மிக்கேல் போட்ட முடிச்சு... அவுந்துட்டு. கயிறு கல்லுல மாட்டிக்கிட்டு" என்றான் சவேரியான். அவ்வளவுதான் சொன்னான். கயிறு இல்லாததால் நேரமானது தெரியவில்லை, நேரமானதால் கால் போயிற்று என்று மிச்சத்தை ஊர் தானாகப் புரிந்துகொண்டது.

ஊருக்கு அது போதுமா? மிக்கேல் கையில் செல்போன் இருந்ததை வேறு படகிலிருந்து யாரோ பார்த்திருக்கிறார்கள். சாயங்காலத்துக்குள் அவன் போனில் பேசிக்கொண்டிருந்தான் என்றாயிற்று. மறுநாள் வீடியோ பார்த்தான் என்றாயிற்று. மூன்றாம் நாள் அது சிரிப்பு வீடியோ ஆயிற்று. நாலாம் நாள் அது என்ன வீடியோ என்றுகூடச் சொல்ல ஆள் இருந்தது.

பிலோமி தம்பியை வாசற்படி ஏற விடவில்லை. அக்காள் புருஷனையே கைவிட்டவன் என்று எந்தப் படகிலும் அவனைச் சேர்க்கவில்லை. முள்ளக்காடு பக்கம் உப்பளத்து வேலைக்குப் போய்விட்டான். கடலில் நின்றவன் பாத்தியில் நின்றான்.

எனக்கு அந்த வாரம் எழுத ஒன்றும் கிடைக்காமல் இருந்தது. விடுவேனா? 'கயிறு பிடித்த கையில் செல்போன்' என்று இதே இடத்தில் அரைப் பக்கம் எழுதினேன். பழைய வாசகர்களுக்கு நினைவிருக்கும். பேர் போடவில்லை — அந்த நாகரிகம் எனக்கு உண்டு! ஊர், தொழில், உறவுமுறை எல்லாவற்றையும் போட்டுவிட்டுப் பேரை மட்டும் போடாத நாகரிகம். உருகி உருகிக் கடிதம் எழுதினீர்கள். வாட்ஸ்அப்பில் சுற்றியது. ஒரு பள்ளிக்கூடத்தில் காலை வழிபாட்டில் வாசித்தார்கள் என்று கேள்விப்பட்டு, காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு இரண்டு நாள் அலைந்தேன்.

மிக்கேலிடம் ஒரு வார்த்தை கேட்டேனா? எதற்குக் கேட்பது? கட்டுரைதான் நன்றாக வந்துவிட்டதே!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கால் கொஞ்சம் தேறியதிலிருந்து சவேரியான் ஞாயிறு தவறாமல் பூசைக்கு வருவான். கடைசி பெஞ்சில், எனக்குப் பக்கத்தில்தான் உட்காருவான். எல்லோரும் நன்மை, அதாவது சாமியார் கொடுக்கும் திவ்ய அப்பம், வாங்க எழுந்து போகும்போது அவன் மட்டும் இருந்த இடத்திலேயே இருப்பான். நடக்க முடியாமல் இருக்கிறான் என்று நினைத்தோம். சாமியார் ஒருநாள் நன்மையை அவன் பெஞ்சுக்கே கொண்டுவந்தார். தலையை ஆட்டி வேண்டாம் என்றுவிட்டான். செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யாமல் நன்மை வாங்கக் கூடாது என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அப்படியானால் இவன் சொல்லாமல் வைத்திருப்பது என்ன? எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றுவதற்கு நான் பூசையில் விழித்திருக்க வேண்டும்.

சரி, கூட்டத்துக்கு வருவோம்.

சவேரியான் பேரைக் கூப்பிட்டார்கள். இரண்டு வாலண்டியர்கள் ஏற்றிவிட, மேடைக்குப் போனான். திரையில் அவன் முகம் பத்தடி உயரத்துக்கு வந்தது. பிலோமி என் பக்கத்தில் செபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அவன் கம்பில்லாமல் நடந்துவிட வேண்டும். அதற்கு மேல் அவளுக்கு ஒரு ஆசையும் இல்லை.

"எம்பேரு சவேரியான். சங்கு குளிக்கவன். காலு ரெண்டும் போச்சு, ஆஸ்பத்திரில நடக்க வச்சாவ. இந்தக் கம்பு எனக்கு வேணும். தூக்கி எறியச் சொல்லாதிய."

கூட்டத்தில் ஒரு சிரிப்பு ஓடியது. ஒருங்கிணைப்பாளர் காதில் இருந்த ஒயரைத் தொட்டுக்கொண்டார்.

"நான் சொல்ல வந்தது காலப் பத்தி இல்ல. முடிச்சப் பத்தி. எம்மச்சான் மிக்கேலு போட்ட முடிச்சு அவுந்துட்டுன்னு சொன்னேம்லா? அது அவுறல. நான்தான் அவுத்தேன்."

சிரிப்பு நின்றது. பிலோமியின் விரல் ஒரு மணியில் நின்றது.

"அடியில சங்கா கெடந்துச்சு. மச்சான் மூணு சுண்டு சுண்டுதான், 'ஏறி வா'ங்கான். நான் ஏறல. திரும்பவும் சுண்டுதான். எனக்கு எரிச்சல் வந்துட்டு. கயித்த அவுத்து ஒரு கல்லுல கட்டிப் போட்டுட்டேன். மேல அவன் நான்னு நெனச்சு அந்தக் கல்லச் சுண்டிக்கிட்டே நிக்கான்..."

கீபோர்டுக்காரர் மெல்ல ஆரம்பித்தார். பாவம் ஒரு நிமிஷத்தைத் தாண்டிவிட்டது போல. ஊழியக்காரர் புன்னகையோடு எழுந்தார். யாரோ பின்னாலிருந்து பழக்கத்தில் 'அல்லேலூயா' என்றார்கள். அப்புறம் மைக் செத்தது.

மைக்கை அணைத்தால் சவேரியானை அணைத்த மாதிரி என்று நினைத்தார்கள், பாவம். கொண்டல் காற்றுக்கு எதிராகப் பக்கத்துப் படகைக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை அது.

"மைக்கு கெடைக்கும்னுதான் வந்தேன், அதையும் அமத்திட்டியளா? பரவால்ல, கேளுங்க!" என்று ஒரு சத்தம் போட்டான். கீபோர்டுக்காரர் கையை எடுத்துவிட்டார்.

"பொழுதடைஞ்சா வீட்டுல செபமாலை சொல்லுவோம். கடேசில ஒவ்வொருத்தர் பேரா சொல்லி வேண்டிக்கிடுவோம். மூணு வருசமா எம்பொஞ்சாதி அவ தம்பி பேர மட்டும் சொல்ல மாட்டா. போன மாசம் ஒரு நா, என்ன நெனச்சாளோ, 'சேசுவே, மிக்கேலையும் மன்னிச்சிரும்'னு சொல்லிட்டா. செய்யாத தப்புக்கு அவன மன்னிக்கச் சொல்லுதா! செஞ்சவன் நான் பக்கத்துல உக்காந்து ஆமென் சொல்லுதேன். அந்த ஆமென் தொண்டையில மாட்டிக்கிட்டு. சோறு எறங்கல. மறுநா போயி பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டேன். சாமி கேட்டாவ, 'எங்கிட்டச் சொல்லிட்ட, கயிறு பிடிச்சவங்கிட்ட எப்பச் சொல்லப் போற?'ன்னு. வீட்டுல சொன்னா வீட்டோட போயிரும். நான் சொன்ன பொய்யி ஊரு பூரா போயிட்டு. அதான் ஊரு பூரா இருக்க எடத்துல சொல்லுதேன். முடிச்சு நல்ல முடிச்சு. நான்தான் கெட்டவன்."

யாரும் கை தட்டவில்லை. எதற்குத் தட்டுவது என்று தெரிந்தால்தானே தட்ட முடியும்? ஒருங்கிணைப்பாளர் இன்னொரு மைக்கை எடுத்து, "அடுத்ததாக... பல வருட முதுகு வலியிலிருந்து..." என்று ஆரம்பித்தார். சவேரியான் கம்பை ஊன்றி ஒவ்வொரு படியாக இறங்கி வந்தான். ஏற்றிவிட்ட வாலண்டியர்கள் இறக்கிவிட வரவில்லை.

பிலோமி அழவில்லை. அவனைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"அண்ணாச்சி, கார எடுங்க" என்றாள்.

"வீட்டுக்கா?"

"உப்பளத்துக்கு."

பிலோமி முன் சீட்டில். சவேரியான் பின்னால் கம்பை மடியில் வைத்துக்கொண்டு. நான் ஏ.சி.யைக் கூட்டுவதும் குறைப்பதுமாக வந்தேன்.

மிக்கேல் குடியிருப்பது ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒற்றை அறை. உப்புத் தண்ணீரில் நின்று வெடித்த காலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். மூன்று வருடம் கழித்து அக்காள் வந்து வாசலில் நிற்கிறாள். எழுந்தான்.

"ஏலே, மூணு வருசமா நீ ஏம்ல ஒண்ணும் சொல்லல?" என்றாள் பிலோமி. அந்த ஒரு கேள்வியிலேயே அவனுக்குப் புரிந்துவிட்டது. சவேரியானை ஒரு பார்வை பார்த்தான்.

"யாரு கேட்டா, அக்கா?"

பிலோமி வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"முடிச்சு அவுந்துட்டுன்னு ஊரு சொல்லிச்சு. நீ கதவச் சாத்துன. ஒருத்தராவது எங்கிட்ட 'என்னல நடந்துச்சு'ன்னு கேட்டியளா? நான் போட்ட முடிச்சு தானா அவுறாது, எனக்குத் தெரியும். ஆனாலும் படுக்கையில கெடக்குறவரப் பாத்து நானா போயி, நீரு பொய் சொல்லுதீருன்னு சொல்லவா?"

இந்த நேரத்தில் எந்த மனிதனும் வாயை மூடிக்கொண்டிருப்பான். நான் பத்தி எழுதுகிறவன் அல்லவா?

"அந்தப் போன்... அன்றைக்கு உன் கையில் போன் இருந்ததாமே?" என்று கேட்டேன். மூன்று வருடம் தாமதமாக.

"இருந்துச்சு அண்ணாச்சி. அத்தானத் தூக்கிப் போட்டவொடனே கரைக்குப் போன் பண்ணினேன். படகு போய்ச் சேரும்போது ஆம்புலன்ஸ் வந்து நிக்கணும்லா?"

சொல்லிவிட்டு எண்ணெய்ப் பாட்டிலை மூடி வைத்தான். குரல் உயரவே இல்லை. உயர்ந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும். வெட்கமாக இருந்தது. வேறு அழகான வார்த்தை ஒன்றும் இல்லை, வெட்கம்தான்.

சவேரியான் "மச்சான்..." என்று அவன் காலைப் பிடிக்கக் குனிந்தான். குனிய முடியாத கால் அது. கம்பு ஈரத் தரையில் வழுக்கியது. மிக்கேல் பாய்ந்து அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டான்.

"பேசாம உக்காருங்க அத்தான். விழுந்து வச்சிராதிய. திரும்ப ஆஸ்பத்திரிக்கு எவன் அலையுதது?"

மன்னித்துவிட்டேன் என்று மிக்கேல் சொல்லவில்லை. அடுப்பைப் பற்றவைத்துக் கடுங்காப்பி போட்டான். பிலோமி அவனைத் தள்ளிவிட்டுத் தானே ஆற்றினாள். ஆற்றும்போதுதான் அழுதாள். எனக்கும் ஒரு கிளாஸ் வந்தது. சர்க்கரை அள்ளிப் போட்டிருந்தது. ஒன்றும் சொல்லாமல் குடித்தேன்.

விசுவாசத்தைப் பற்றி எனக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. வெள்ளைக் கோட்டு, மின்னல், ஸ்டிக்கர் போகாத ஊன்றுகோல் — இவற்றை நான் கடைசி வரை கேலி செய்வேன், அதில் மாற்றமில்லை. சவேரியான் காலை நடக்க வைத்தது அந்தப் பிசியோ பிள்ளைதான். ஆனால் அவன் வாயைத் திறக்க வைத்தது எது? எந்த ஆஸ்பத்திரியில் அதற்கு வைத்தியம் இருக்கிறது? பிலோமி ஒரு சாயங்காலம், கோபம் தீராமலே, தம்பி பேரைச் சொல்லி வேண்டிக்கொண்டாள். அது மேலே போய்ச் சேர்ந்ததா என்று எனக்குத் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனிடம் போய்ச் சேர்ந்தது. அதைத் திரையில் காட்டச் சொன்னால் அந்த ஒருங்கிணைப்பாளர் நேரமில்லை என்பார்.

செவ்வாய்க்கிழமை அந்தோணியார் கோவில் பூசையில் சவேரியான் எழுந்தான். கம்பு ஒரு கையில், மிக்கேலின் தோள் ஒரு கையில். நடுவழியாக மெல்ல நடந்து போய் நன்மை வாங்கினான். கோவிலே பார்த்தது. நான் கடைசி பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். அதற்குக் காரணம் முட்டி வலி இல்லை.

பூசை முடிந்து வெளியே வந்ததும் மிக்கேலிடம் போனேன். "தப்பு பண்ணிவிட்டேன் மிக்கேல்" என்றேன். எழுதுகிறவனுக்கு இந்த இடத்தில் வார்த்தை வராது என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

"அதுக்கென்ன அண்ணாச்சி. அன்னைக்கு என்னயப் பத்தி அரைப் பக்கம் போட்டிய. இதையும் அரைப் பக்கம் போடுவியளா, இல்ல மூலையில நாலு வரியா?"

ஆசிரியரிடம் சண்டை போட்டு முழுப் பக்கம் வாங்கியிருக்கிறேன் மிக்கேல். இந்த வாரம் மட்டும் பத்தியின் தலைப்பில் இருக்கிற என் படத்தை எடுத்துவிடலாமா என்று ஆசிரியர் கேட்டார். வேண்டாம், அது இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

சாட்சி சொல்ல வந்தவன் முகத்தைக் காட்ட வேண்டாமா?